மாறாத நீலமும் ஓயாமல் மாறும் பச்சையும்

ஹெல்மெட் போட்டு, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அணிகளின் சீருடையைப் பற்றிப் பேச்செடுத்தால் பென் ஸ்டேட், ஆரிகன் ஆகிய இரண்டு பல்கலைக்கழக அணிகளும் எதிரெதிரே வந்து நிற்கும். ஒன்று உடையை மாற்றாது, மற்றொன்று ஓயாமல் மாற்றும்; எது சரி என்பதுதான் வழக்கு. 2024 முதல் இரண்டும் ஒரே பிக் டென் லீக்கில் ஆடுவதால், இந்த வழக்கு இப்போது களத்திலேயே நடக்கிறது.

பென் ஸ்டேட்டின் உடை எளிமையானது. கருநீலச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் காலணி. வெள்ளை ஹெல்மெட்டின் நடுவே ஒரே ஒரு நீலக்கோடு, சின்னம் கிடையாது. முதுகில் ஆட்டக்காரரின் பெயரும் கிடையாது. 1887இல் மாணவர்கள் தேர்ந்தெடுத்த நிறங்கள் என்னவோ இளஞ்சிவப்பும் கறுப்பும்தான். வெயிலில் இளஞ்சிவப்பு வெளுத்துப் போகவே, 1890இல் நீலமும் வெள்ளையும் வந்தன.

2012இல் முதுகில் பெயர்கள் ஏறின. முந்தைய ஆண்டு வெளிவந்த சிறார் பாலியல் கொடுமை விவகாரத்தால் அணி தண்டிக்கப்பட்டபோது, விலகிப் போகாமல் நின்ற மாணவர்களைக் கௌரவிக்கச் செய்த ஏற்பாடு அது. 2015இல் பெயர்களை மீண்டும் எடுத்துவிட்டார்கள். ஆண்டுக்கணக்காக மாறாத சட்டை என்பதால்தான் அந்த ஒரு வரி எழுத்து அவ்வளவு கனமாகத் தெரிந்தது. வாரம் ஒரு உடையில் வரும் அணி அதையே செய்திருந்தால் யார் கவனித்திருப்பார்கள்?

ஆரிகனின் பின்னால் இருப்பது நைக்கி. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஃபில் நைட் அங்கே படித்தவர், அந்தக் கல்லூரிக்காக ஓடியவர். 1999இல் வந்த 'ஓ' எழுத்துச் சின்னம் எனக்கு மிகவும் பிடிக்கும்: வெளிவளைவு அவர்களின் கால்பந்து அரங்கமான ஆட்ஸன் மைதானம், உள்வளைவு தடகள அரங்கமான ஹேவர்ட் ஃபீல்டின் ஓடுதளம். ஊரையே ஓர் எழுத்துக்குள் அடக்கிவிட்டார்கள். 2012இல் ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற புத்தாண்டு ஆட்டத்தில் கண்ணாடிபோல் மின்னிய ஹெல்மெட்டுகளோடு விஸ்கான்சின் அணியை 45-38 என வென்றதும் கண்கொள்ளாக் காட்சி. புதுமை என் புகார் அல்ல. முழுக் கறுப்பிலோ சாம்பல் நிறத்திலோ அவர்கள் இறங்கும் நாளில், கடைசி வரிசையில் இருப்பவருக்கு அது எந்த அணி என்றே தெரியாது. வெட்டையும் தையலையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றட்டும். தங்கள் கல்லூரி நிறங்களான பச்சையையும் மஞ்சளையும் கைவிடக் கூடாது. அதனால் என் ஓட்டு பென் ஸ்டேட்டுக்கே.

நிறத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு லாஸ் ஏஞ்சலிஸின் இரு போட்டிப் பல்கலைக்கழகங்களான யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் 2008இல் மோதிய ஆட்டத்தைச் சொல்வேன். விருந்தாளி அணி வெள்ளை அணிய வேண்டும் என்பது அன்றைய விதி. அதை மீறினால் ஒரு டைம் அவுட், அதாவது ஆட்டத்தை நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு, பறிபோகும் என்று தெரிந்தே யூஎஸ்சி தன் சிவப்புச் சட்டையில் வந்தது. யூசிஎல்ஏ பயிற்சியாளர் ரிக் நியூஹைசல் உடனே தன் டைம் அவுட் ஒன்றையும் வேண்டுமென்றே செலவழித்துக் கணக்கைச் சமன் செய்தார். சிவப்பும் இளநீலமும் நேருக்கு நேர் மோதின. அடுத்த ஆண்டே விதி தளர்ந்தது.