லாரி ஓட்ட நார்வேயா, ஸ்வீடனா, டென்மார்க்கா?

நாமக்கல்லிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். பத்து வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறார். ஊரில் ஒரு ஏஜென்ட் ஆறு லட்சம் கேட்டிருக்கிறாராம். நான் ஸ்வீடனில் இருப்பவன் என்பதால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். "அண்ணே, நார்வே, ஸ்வீடன், டென்மார்க், மூணுல எதுல சம்பளம் ஜாஸ்தி?"

அதற்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். மூன்று நாட்டுப் பணத்துக்கும் பெயர் குரோனர்தான், மதிப்புதான் வேறு. ஒரு யூரோவுக்கு டேனிஷ் குரோனர் சுமார் ஏழரை. நார்வே, ஸ்வீடன் குரோனர் என்றால் ஏறக்குறைய 11. டென்மார்க்கில் மணிக்கு 170 என்பது நார்வேயின் 200-ஐவிடப் பெரிய தொகை என்பது பலருக்கு உறைப்பதில்லை. நார்வேயில் சரக்கு லாரி ஓட்டுநருக்குச் சட்டப்படியே குறைந்தபட்ச மணிக்கூலி உண்டு, இப்போது 200 குரோனருக்கு மேல். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் அப்படிச் சட்டம் கிடையாது. தொழிற்சங்கமும் முதலாளிகளும் போடும் கூட்டு ஒப்பந்தம்தான் கூலியைத் தீர்மானிக்கிறது. ஸ்வீடனில் மாதம் 30,000 குரோனரை ஒட்டி இருக்கும். ஆக, சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் டென்மார்க்கும் நார்வேயும் முன்னே, ஸ்வீடன் பின்னே. வரி, வாடகை, ஒரு சாப்பாட்டின் விலை எல்லாம் மூன்றிலுமே கழுத்தைப் பிடிக்கும். சம்பளக் கதை அவ்வளவுதான்.

தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இந்த மூன்றில் எந்த நாடு அவரை முதலில் ஸ்டியரிங்கைத் தொட விடும்?

இந்திய ஹெவி லைசென்ஸ், இலங்கை கனரக வாகன உரிமம் எதையும் இந்த மூன்று நாடுகளிலும் கொடுத்துவிட்டு, பதிலுக்கு உள்ளூர் லாரி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வர முடியாது. தேர்வு எழுத வேண்டும், ஓட்டிக் காட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்க சி.இ. வகுப்பு உரிமம் தேவை. அதற்கு மேல் 'கோட் 95' என்ற தொழில்முறைத் தகுதிச் சான்று. ஸ்வீடனில் அதை ஒய்.கே.பி. என்பார்கள், நார்வேயில் ஒய்.எஸ்.கே. முழுப் பயிற்சி 280 மணி நேரம், சுருக்கப் பயிற்சி 140 மணி நேரம். அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். இருபது வருடம் டீசல் புகையில் கிடந்தவரானாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

லைசென்ஸ் எடுக்க அந்த நாட்டில் குடியிருக்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி ஆண்டில் 185 நாள் கணக்கு. குடியிருக்க வேலை அனுமதி வேண்டும். அனுமதிக்கு வேலை வேண்டும். வேலை கொடுப்பவரோ லைசென்ஸைக் காட்டு என்கிறார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். இந்த வட்டத்தில் எந்த நாடு எங்கே ஒரு சந்து விட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் உண்மையான ஒப்பீடு.

நார்வேயில் அந்தச் சந்து மிகக் குறுகியது. ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு அங்கே கிடைப்பது 'திறன்மிகு தொழிலாளர்' அனுமதி. அதற்குத் தேவை பெரும்பாலும் அனுபவம் அல்ல, படிப்பு. நார்வேயின் மூன்றாண்டு மேல்நிலைத் தொழிற்கல்விக்கு ஈடான ஒன்றை ஊரிலிருந்தே காட்ட வேண்டும். நம் ஊரில் லாரி ஓட்டுவதை யாரும் மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பதில்லை. கிளீனராக ஏறி, அண்ணன்மார் திட்டு வாங்கி, ராத்திரி காலி ரோட்டில் பிடித்துப் பழகியதுதான். அந்த அனுபவத்துக்கு அங்கே தாளில் மதிப்பு கிடைப்பது அபூர்வம்.

சரி, எப்படியோ உள்ளே போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். சாலை என்று பார்த்தால் மூன்றில் கடினமானது நார்வேதான். நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு எல்லாச் சக்கரத்திலும் குளிர்கால டயர் கட்டாயம், டிரெய்லர் உட்பட. பனியில் வழுக்காமல் சக்கரத்தில் கட்டும் சங்கிலியும் வண்டியில் இருந்தாக வேண்டும். கொட்டும் பனியில், மைனஸ் பதினைந்தில், கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு இருட்டில் சங்கிலி கட்டுவதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஹார்டாங்கர் மேட்டுநிலம், ஹௌக்கெலி, சால்ட்ஃபியெல் போன்ற மலைப் பாதைகளில் புயலடித்தால் தடுப்பை இறக்கிவிடுவார்கள். பனி அகற்றும் வண்டி முன்னே போக, எல்லா வாகனங்களும் வரிசை கட்டி அதன் பின்னே ஊர வேண்டும். முன் வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவை ஏறியவருக்கு வளைவு ஒரு பொருட்டல்ல. கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டித் தாளின் மேல் இறங்குவது வேறு வித்தை. லேர்டால் சுரங்கப்பாதை மட்டும் 24.5 கிலோமீட்டர், குளிர்காலத்தில் அதற்குள் இருக்கும்போதுதான் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று தோன்றும்.

வடநார்வேயின் நார்விக்கிலிருந்து ஸ்வீடனின் கிரூனா வழியாகத் தெற்கே சால்மன் மீன் ஏற்றிப் போகும் வண்டிகளுக்கும் இதே பாடுதான். ஐஸில் வைத்த மீன் காத்திருக்காது. முதலாளியும் காத்திருக்க மாட்டார்.

ஆனால் நார்வேக்கு வேறொரு வழி இருக்கிறது, அது இலங்கைத் தமிழருக்குத் தெரிந்த வழி. எண்பதுகளில் அகதிகளாகவும் மாணவர்களாகவும் போய், வடக்கே ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று அங்கே எல்லா வேலையிலும் இருக்கிறார்கள். ஒஸ்லோவின் துணை மேயராக 2015-இல் வந்த கம்சி குணரத்தினம், 2021-இல் நாடாளுமன்றத்துக்கே போனார். கல்யாணம் செய்து குடும்ப அனுமதியில் போகிறவருக்கு மேலே சொன்ன மூன்றாண்டுப் படிப்புத் தடை கிடையாது. மொழி படித்து, அங்கேயே லைசென்ஸ் எடுத்து, உள்ளூர் ஓட்டுநராகவே வேலைக்குச் சேரலாம். அப்படிப்பட்டவருக்கு நான் நார்வேயைத்தான் சொல்வேன். மற்றவர்களுக்கு, மன்னிக்கவும், அது சுவரில் வரைந்த கதவு.

ஸ்வீடனில் வேலை அனுமதிக்குப் படிப்பு கேட்பதில்லை, சம்பளம் கேட்கிறார்கள். 2023 நவம்பரில், நாட்டின் நடுநிலைச் சம்பளத்தில் (பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே வாங்கும் தொகை) 80 சதவீதமாவது தர வேண்டும் என்று விதி வந்தது. 2025 ஜூனில் அது மாதம் 29,680 குரோனர். இந்தக் கோடு ஆண்டுக்காண்டு ஏறுகிறது. அரசியலும் அதை மேலே தள்ளத்தான் பார்க்கிறது. லாரி ஓட்டுநரின் சம்பளமும் அதே 30,000-ஐ ஒட்டி இருப்பதுதான் சிக்கல். இன்று கோட்டுக்கு மேலே இருப்பவர், அனுமதியைப் புதுப்பிக்கும் நாளில் கீழே இருக்கலாம். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் என்ன எண் என்று பாருங்கள். "ஓவர்டைம் சேர்த்தால் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு சந்தும் ஸ்வீடனில்தான். மக்கள் பதிவேட்டில் பெயர் ஏறிய நாளிலிருந்து ஓராண்டு வரை சொந்த நாட்டு லைசென்ஸ் செல்லும். தொழிலாக ஓட்ட ஒய்.கே.பி. வேண்டும், அது தனி. ஆனாலும் பயிற்சிக்கும் தேர்வுக்கும் அந்த ஓராண்டு மூச்சுவிட இடம் தருகிறது. முறைப்படி குடியேறியவர் கொம்வுக்ஸ் என்ற வயதுவந்தோர் பள்ளியில் லாரி ஓட்டுநர் படிப்பையே கட்டணமின்றிப் படிக்கலாம். தனியார் பள்ளியில் அதற்கு ஆகும் செலவு நம் ஊரில் ஒரு மனை வாங்கும் செலவு.

சாலையைப் பற்றிச் சொன்னால், ஸ்வீடன் நீளம். காடு, காடு, மறுபடியும் காடு, நடுவில் ஒரு மூஸ் என்ற ராட்சத மான். அந்த மூஸ் குறுக்கே வந்தால் காருக்குச் சங்கு, லாரிக்கு முன்பக்கம் போகும். வண்டிகளும் பெரிது: தேர்ந்த சாலைகளில் 74 டன் வரை, 2023 இறுதியிலிருந்து சில சாலைகளில் 34.5 மீட்டர் நீளம் வரை விடுகிறார்கள். இப்போது வலப்பக்கம் ஓட்டும் இதே ஸ்வீடன், 1967 செப்டம்பர் 3 வரை நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டியது. நாடே ஒரு காலையில் மாறிவிட்டது. அதனால் தம்பிக்கும் வலப்பக்கம் பழகிவிடும், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது தாள்களுக்கு. முதல் அனுமதி அதிகபட்சம் இரண்டு ஆண்டு. அதே முதலாளி, அதே தொழில். வேலை போனால் அடுத்ததைத் தேடச் சில மாதங்கள்தான். முதலாளி காப்பீட்டில் சின்னத் தப்பு செய்தாலும் அனுமதி பறிபோவது தொழிலாளிக்கு என்றிருந்த காலம் உண்டு. 2017 இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள் என்று சொன்ன பிறகு கொஞ்சம் தளர்ந்தது. சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரமாக வைத்திருப்பது இன்றும் ஓட்டுநரின் பாடுதான்.

டென்மார்க்கில் லாரி ஓட்டுவது மற்ற இரண்டையும்விட வசதி. மலையே இல்லை, நாட்டின் மிக உயர்ந்த இடமே 171 மீட்டர்தான். ஓர்ஹூஸிலிருந்து கோபன்ஹேகன் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், நடுவில் கடலுக்கு மேலே பாலம். காலையில் கிளம்பி இரவு வீட்டில் படுக்கும் லாரி வேலை கிடைக்கிற நாடு இது. சம்பளமும் நல்ல சம்பளம்.

கதவுதான் கனம். சம்பள வரம்புத் திட்டத்தில் போக 2025-இல் ஆண்டுக்கு 5,14,000 குரோனர் காட்ட வேண்டியிருந்தது. லாரி ஓட்டுநருக்கு அது எட்டாக்கனி. ஆனால் 2025 ஜூனில் அரசும் தொழிற்சங்கங்களும் முதலாளி அமைப்புகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: கூட்டு ஒப்பந்தம் உள்ள நிறுவனங்கள் 16 குறிப்பிட்ட நாட்டவரை ஆண்டுக்கு 3 லட்சம் குரோனர் வரம்பிலேயே எடுக்கலாம் என்று. பட்டியலில் இந்தியா இருக்கிறது, இலங்கை இல்லை. 3 லட்சம் லாரிச் சம்பளம் எட்டக்கூடிய எண். இந்தியாவிலிருந்து வரும் ஓட்டுநர் கண் வைக்க வேண்டியது இதன் மேல்தான்.

தமிழருக்கும் டென்மார்க்குக்கும் ஒரு பழைய கணக்கும் உண்டு. இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பங்கள் சேர்வதைச் சட்டவிரோதமாகத் தாமதப்படுத்திய விவகாரத்தில் 1993 ஜனவரியில் பிரதமர் பௌல் ஷ்லூட்டரே பதவி விலகினார். அங்கே அதன் பெயரே 'தமிழ் வழக்கு'.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. ஏஜென்ட்கள் 'ஸ்காண்டிநேவியா' என்று சொல்லி விற்பது பெரும்பாலும் இதைத்தான். லிதுவேனியா அல்லது போலந்து நிறுவனத்தில் வேலை, அந்த நாட்டு அனுமதி, ஓட்டுவது மட்டும் ஐரோப்பா முழுக்க. உள்ளே நுழைய இது சுலபம். லிதுவேனிய முறையில் அடிப்படைச் சம்பளம் சிறியது, மேலே வருவது தினப்படி. வண்டி ஓடும் வரை தொகை பெரிதாகத் தெரியும். காய்ச்சலில் படுத்தால், ஓய்வூதியம் என்று வந்தால், கணக்கில் நிற்பது அந்தச் சின்ன அடிப்படை மட்டும். வாரக்கணக்கில் கேபின்தான் வீடு. 45 மணி நேர வார ஓய்வைக் கேபினுக்குள் எடுக்கக் கூடாது என்று ஐரோப்பியச் சட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எந்த லாரி நிறுத்தத்திலாவது போய்ப் பார்த்தால் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியும். 2018-இல் டென்மார்க்கின் எல்லை ஊரான பாட்போர்க்கில், போலந்து நிறுவனம் வழியாக வந்த பிலிப்பைன்ஸ் ஓட்டுநர்கள் கன்டெய்னர் குடில்களில் அடைந்து கிடந்தது வெளியே வந்து, அந்த நாடே தலைகுனிந்தது. அவர்களும் ஊரில் யாரிடமோ 'ஐரோப்பிய வேலை' என்று கேட்டுத்தான் வந்திருப்பார்கள்.

இத்தனையையும் தம்பியிடம் போனில் சொன்னேன். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் டென்மார்க்கின் அந்த 3 லட்சம் வழியை முதலில் பார், கூடவே ஸ்வீடனில் அடிப்படைச் சம்பளம் கோட்டைத் தாண்டும் நிறுவனம் கிடைக்கிறதா என்று தேடு, லிதுவேனியா என்றால் தெரிந்தே போ, நார்வேயை மற என்றேன். ஏஜென்ட் விஷயத்தையும் சொன்னேன். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் வரியும்தான். ஸ்வீடனிலும் நார்வேயிலும் வேலை தேடுபவரிடம் அதற்காகக் காசு வாங்குவதே சட்டப்படி தடை.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "இல்லண்ணே, அவர் ஆஃபர் லெட்டரே வாங்கிக் குடுத்துட்டாரு, நார்வே கம்பெனி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முத்திரை, கையெழுத்து எல்லாம் பளிச்சென்று இருந்தன. சம்பளம் மாதம் 3,200 யூரோ என்று போட்டிருந்தது.

"தம்பி, நார்வேயில யூரோ கிடையாதுப்பா" என்றேன்.