கீன்ஸ் ஸ்டேக்ஹவுஸ்: முதலில் கேட்க வேண்டியது மட்டன் சாப்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், ஹெரால்டு சதுக்கத்துக்கு அருகே மேற்கு 36ஆவது தெருவில் உள்ள கீன்ஸ், 1885இல் ஆல்பர்ட் கீன் என்பவர் தொடங்கிய உணவகம். பெரும்பாலோர் மாட்டிறைச்சி ஸ்டேக்கை நாடியே அங்கு செல்கிறார்கள். ஆயினும், ஆட்டிறைச்சியின் ருசியறிந்து வளர்ந்த நம்மவர்கள் முதலில் கேட்டுச் சாப்பிட வேண்டியது அந்த உணவகத்தின் பழம்பெருமையான மட்டன் சாப் என்பதே என் உறுதியான கருத்து.

செம்மறியின் இடுப்புப் பகுதியை முதுகெலும்போடு குறுக்காக வெட்டி, எலும்பின் இருபுறமும் சதை நிற்கும்படி, ஓரக் கொழுப்பையும் விட்டுவைத்து அனலில் சுட்டுத் தருகிறார்கள். முதிர்ந்த ஆட்டின் இடத்தில் இப்போது இளம் ஆடு வந்துவிட்டாலும் துண்டின் பருமன் குறையவில்லை; ஒருவர் தனியாகச் சாப்பிட்டு முடிப்பது கடினம். வெளியே கொழுப்பு மொறுமொறுவென்று சிவந்திருக்க, உள்ளே சதை இளஞ்சிவப்பாகச் சாறு வற்றாமல் இருக்கிறது. மிளகாயோ மல்லியோ சேராத இந்த இறைச்சியில் ஆட்டின் மணம் அப்படியே மேலெழுந்து நிற்பதால், மசாலாவுக்குப் பழகிய நாக்கு முதல் இரண்டு வாய்க்குச் சற்றுத் தயங்கலாம். அதன் பிறகு எலும்பை ஒட்டிய சதையை விட மனம் வராது. உடன் வரும் புதினா ஜெல்லியின் இனிப்பு எனக்கு ஒவ்வவில்லை. வதக்கிய எஸ்கரோல் கீரையின் மெல்லிய கசப்புதான் கொழுப்பின் திகட்டலுக்குச் சரியான மாற்று.

ஸ்டேக் வகைகளில், இருவர் பகிர்ந்துண்ணும் போர்ட்டர்ஹவுஸைச் சொல்லலாம். அதில் எலும்பின் ஒரு பக்கம் மிக மென்மையான உள்தசையும், மறுபக்கம் மெல்ல மெல்ல ருசி கூடும் முதுகுத்தசையும் இருப்பதால் ஒரே துண்டில் இரண்டு வகை இறைச்சி கிடைக்கிறது. இறைச்சியை இங்கேயே பதப்படுத்துகிறார்கள். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், காற்றோட்டத்தில், வாரக்கணக்கில் இறைச்சியை வைத்திருக்கும்போது அதிலுள்ள நொதிகள் தசைநார்களைத் தளர்த்துகின்றன. நீர் வற்றுவதால் சுவை செறிவடைகிறது. காய்ந்து கறுத்த மேற்பகுதியைச் சீவி எறிந்த பிறகே அடுப்புக்குப் போகிறது என்பதால் எடையில் கணிசமான பகுதி இழப்பாகிவிடும்; இத்தகைய உணவகங்களின் விலை உயர்வாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நன்றாக வெந்த கறியே நல்லது என்று நம்புகிறவர்கள் இங்கே 'மீடியம்', அதாவது நடுப்பகுதி சற்றுச் சிவந்திருக்கும் மிதமான வேக்காடு, என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கொத்தாத முழுத்துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருப்பதால், கடும் வெப்பத்தில் வெளிப்புறம் சுடப்பட்ட ஸ்டேக்கின் நடுவே தெரியும் சிவப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டும். நீண்ட தண்டுடைய களிமண் சுங்கான்கள் (புகைக்குழாய்கள்) ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூரையெங்கும் வரிசையாகத் தொங்குகின்றன. எளிதில் உடையும் இவற்றைப் பயணத்தில் சுமக்க இயலாததால், வாடிக்கையாளர்கள் உணவகத்திலேயே ஒப்படைத்துவிட்டு, வரும்போதெல்லாம் கேட்டு வாங்கிப் புகைத்திருக்கிறார்கள். தியோடர் ரூஸ்வெல்ட், பேப் ரூத், ஐன்ஸ்டைன் ஆகியோரின் சுங்கான்களும் இந்தத் தொகுப்பில் உண்டு. பக்கத்து காரிக் நாடக அரங்கின் நடிகர்கள் காட்சிகளுக்கு இடையே ஒப்பனையோடு பின்வாசல் வழியாக ஓடிவந்து பசியாறிய காலமும் இருந்தது. ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த இந்த இடத்தின் மீது நடிகை லில்லி லாங்ட்ரி வழக்குத் தொடுத்து, 1905இல் வென்று, பெண்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார். அவரும் கேட்டது மட்டன் சாப்தான் என்று உணவகத்தார் பெருமையோடு சொல்கிறார்கள். எனக்கு இங்குள்ள எல்லாப் பழம்பொருள்களையும்விட இந்த வரலாறே பிடித்திருக்கிறது.

பெயர் பெற்ற இடம் என்பதால் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. இருவராகச் சென்றால் ஒரு சாப், ஒரு கீரை, ஓர் உருளைக்கிழங்குப் பதார்த்தம் என்ற அளவே போதும். போர்ட்டர்ஹவுஸையும் சேர்த்துச் சுவைக்க விரும்பினால் நால்வராகச் செல்லுங்கள்.