உள்ளேயே ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டியா, நாமே செருகும் டிஸ்க்கா?

மேற்கு மாம்பலத்தில் உள்ள எங்கள் வீட்டில் பத்து ஆண்டுகளாக டி.டி.எச். இணைப்பு உள்ளது. முதல் ஏழு ஆண்டுகள், ஹார்ட் டிஸ்க் உள்ளேயே பொருத்தப்பட்ட பதிவுப் பெட்டியை, அதாவது நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து பிறகு பார்க்க உதவும் செட்-டாப் பாக்ஸை, வைத்திருந்தோம். அது பழுதான பிறகு, யு.எஸ்.பி. துளையில் நம்முடைய டிஸ்க்கைச் செருகிப் பதிவு செய்யும் சாதாரண எச்.டி. பெட்டிக்கு மாறி இப்போது மூன்றாவது ஆண்டு நடக்கிறது. இரண்டில் எதை வாங்கலாம் என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் நான் இரண்டாவதையே சொல்லி வருகிறேன். அதற்கான காரணத்தையும், அந்தத் தேர்வால் நாங்கள் இழந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

படத்தின் தரத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. டிஷ்ஷிலிருந்து வருவதே சுருக்கப்பட்ட டிஜிட்டல் சிக்னல்தான். பெட்டி அதை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. ஆகவே எந்த முறையில் பதிவு செய்தாலும், நேரலையில் பார்த்த அதே படம்தான் திரும்பக் கிடைக்கும். ஓர் எச்.டி. சேனல் வினாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரப் பதிவுக்கு 3.6 ஜி.பி. இடம் வேண்டும். அந்தக் கணக்கில் 500 ஜி.பி. டிஸ்க்கில் ஏறக்குறைய 138 மணி நேரமும், 1 டி.பி. டிஸ்க்கில் அதைப் போல இரு மடங்கும் அடங்கும். ஒரு குடும்பத்துக்கு இது தாராளமாகப் போதும்.

உள்ளேயே டிஸ்க் உள்ள பெட்டியின் உண்மையான பலம் அதன் இரண்டு ட்யூனர்கள், அதாவது சேனலைப் பிடித்துத் தரும் பகுதிகள். மாடியில் உள்ள டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. என்ற உறுப்பிலிருந்து இரண்டு கேபிள்களை இறக்கி அந்தப் பெட்டியில் இணைத்திருந்தார்கள். அதனால் ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே வேறொரு சேனலைப் பதிவு செய்ய முடிந்தது. ஐ.பி.எல். மாதங்களில் இதன் அருமை தெரியும். இரவு 7.30 மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது அம்மாவின் தொடர்களுக்கும் அதுவே நேரம். அப்பா ஆட்டத்தைப் பார்த்து முடிக்க, அம்மா மறுநாள் காலை காய்கறி நறுக்கிக்கொண்டே, விளம்பரங்களைத் தள்ளிவிட்டு, முந்தைய இரவின் தொடரை நிதானமாகப் பார்ப்பார். மார்கழி விடியலில் அவர் கோயிலில் இருக்கும் நேரத்தில் ஒளிபரப்பாகும் திருப்பாவை உரைகளும் இவ்வாறே முப்பது நாளும் தவறாமல் பதிவாகின. இந்த வசதி இப்போதைய பெட்டியில் இல்லை. இதில் ஒரே ட்யூனர்தான் என்பதால், எந்தச் சேனல் பதிவாகிறதோ அந்தச் சேனலை மட்டுமே பார்க்க முடியும். இது சிறிய இழப்பு அன்று.

அப்படியிருந்தும் நான் மாறியதற்குக் காரணம், டிஸ்க்கின் ஆயுளும் அதன் பராமரிப்பும்தான். ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டும் நகரும் முனையும் கொண்ட இயந்திரம். தேய்மானம் அதற்கு இயல்பு. உள்ளேயே டிஸ்க் உள்ள பெட்டியில், நாம் எதையும் பதிவு செய்யாத நேரத்திலும் அதற்கு ஓய்வு கிடைப்பதில்லை. நேரலையை நிறுத்திப் பின்னோக்கிப் பார்க்கும் வசதிக்காக, ஓடிக்கொண்டிருக்கும் சேனலைப் பெட்டி இடைவிடாமல் டிஸ்க்கில் எழுதிக்கொண்டும் அழித்துக்கொண்டும் இருக்கும். எங்கள் பெட்டி கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேசுக்குள் இருந்தது. சென்னையின் மே மாதத்தில், அலமாரிக்குள் அடைபட்ட அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்தால் சூடு உடனே உறைக்கும். கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஏழாம் ஆண்டில் ஒரு நாள், பதிவுப் பட்டியலைத் திறந்தால் திரை உறைந்து நின்றது. பெட்டிக்குள்ளிருந்து, நகத்தால் மேசையைத் தட்டுவது போல, ஒரே சீரான இடைவெளியில் ‘டிக்... டிக்...’ என்று சத்தம் வந்தது. வந்து பார்த்த தொழில்நுட்பர், “டிஸ்க் போயிடுச்சு சார், பெட்டியத்தான் மாத்தணும்” என்றார். டிஸ்க்கை மட்டும் மாற்றித் தர நிறுவனத்திடம் வழி இல்லை. வேறு பெட்டி கொடுத்தார்கள். பழையதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த டிஸ்க்கில், தங்கை மகள் எட்டு வயதில் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் பாடிய நிகழ்ச்சி இருந்தது. பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்போன ரிச்சி தெருவில் ஒரு கடையில் விசாரித்தேன். டிஸ்க்கில் உள்ளதை மீட்டாலும் பயன் இல்லை என்றார்கள். பதிவுகள் எல்லாம் அந்தப் பெட்டிக்கே உரிய குறியாக்கத்தில் பூட்டப்பட்டிருப்பதால் கணினியில் ஓடாது. அன்று அந்தக் கடை வாசலில் நின்றபோது உண்டான வருத்தம் இன்னும் போகவில்லை. குழந்தை பாடுவதைத் திரைக்கு எதிரே செல்பேசியை வைத்தாவது படம் எடுத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

இப்போது யு.எஸ்.பி. முறைக்கு வருகிறேன். இதிலும் பதிவுகள் பெட்டியோடு பிணைந்தவையே. டிஸ்க்கைப் பிடுங்கிக் கணினியில் செருகினால் கோப்புகள் ஓடாது, பெட்டியை மாற்றினால் பழைய பதிவுகள் திறக்காது. ஆனால் தேயும் உறுப்பு வெளியே, நம் கையில் இருக்கிறது. பதிவு எதுவும் இல்லாத நாட்களில் டிஸ்க்கைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிடுகிறேன்; அது சூடாவதும் இல்லை, வீணாகச் சுழல்வதும் இல்லை. பழுதானால் நிறுவனத்தை அழைக்க வேண்டியதில்லை. வேறு டிஸ்க்கை வாங்கிச் செருகினால் போதும், பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஒருவேளை டி.டி.எச். இணைப்பே வேண்டாம் என்று முடிவு செய்தாலும், அந்த டிஸ்க்கைக் கணினியில் இணைத்து ஃபார்மட் செய்து வீட்டுப் படங்களைச் சேமிக்கலாம். உள்ளேயே டிஸ்க் உள்ள பெட்டியை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது; வேறு நிறுவனத்தின் இணைப்புக்கு மாறினால் அது வெறும் சுமை.

இந்த முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதல்முறை செருகும்போது பெட்டி டிஸ்க்கை ஃபார்மட் செய்யக் கேட்கும். சம்மதித்தால் அதில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே குடும்பப் படங்கள் உள்ள டிஸ்க்கை ஒருபோதும் செருகக் கூடாது. பென் டிரைவ் போதும் என்று நினைத்து நானும் முதலில் அதைத்தான் முயன்றேன். எழுதும் வேகம் போதாமல் எச்.டி. பதிவுகள் இடையிடையே திக்கின. டிஸ்க்கைச் செருகியும் பெட்டி அதை அறிந்துகொள்ளாவிட்டால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். யு.எஸ்.பி. 2.0 துளை தரும் மின்சாரம் 500 மில்லி ஆம்பியர்தான். சில டிஸ்க்குகள் சுழலத் தொடங்க அது போதாது. தனி மின் அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. ஹப் (பல யு.எஸ்.பி. துளைகள் கொண்ட இணைப்புக் கருவி) ஒன்றை இடையில் வைத்தவுடன் எங்கள் சிக்கல் தீர்ந்தது.

மழையும் மின்வெட்டும் இரண்டு முறைகளுக்கும் பொது. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது சிக்னல் அறுந்து பதிவில் ஓட்டை விழும். அதை எந்தப் பெட்டியாலும் தடுக்க முடியாது. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். இன்வெர்ட்டர் இணைப்பில் பெட்டியையும் சேர்த்துவிட்டால் சிறு மின்வெட்டுகளில் பதிவு தப்பும். மின்செலவு பெரிதில்லை: பெட்டி 20 வாட் எடுப்பதாக வைத்து நாள் முழுவதும் இயக்கினாலும், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 30 யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

ஓ.டி.டி. இருக்கும்போது பதிவுப் பெட்டியே எதற்கு என்ற கேள்வியும் வருகிறது. தொடர்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நியாயமானது. ஆட்ட நாட்களில் அம்மாவும் இப்போது தொடரைச் செல்பேசியில்தான் பார்க்கிறார், இரண்டாவது ட்யூனரின் இழப்பை அது பாதியாவது ஈடு செய்கிறது. ஆனால் சிறு சேனல்களின் கச்சேரிகள், கோயில் நேரலைகள், 2024 ஜனவரி வரை பொதிகை என்று இருந்த டிடி தமிழின் பழைய நிகழ்ச்சிகளின் மறு ஒளிபரப்புகள் ஆகியவற்றை, நினைத்த நேரத்தில் தேடி எடுக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. மேலும், எழுபது வயதைக் கடந்தவருக்கு ரிமோட்டில் ஒரே பொத்தானை அழுத்தித் தன் பட்டியலைத் திறப்பது எளிது. கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை.

நான் சொல்வது ஒரு வீட்டின் அனுபவம். எங்கள் 1 டி.பி. டிஸ்க்குக்கு மூன்று வயது கூட நிறையவில்லை. பழைய பெட்டியைப் போல அது ஏழு ஆண்டுகள் உழைக்குமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு சேனல்கள் கட்டாயம் வேண்டும் என்ற வீடுகளுக்கு உள்ளேயே டிஸ்க் உள்ள பெட்டிதான் பொருந்தும். அவர்கள் அதைக் காற்றோட்டமான இடத்தில், கதவில்லாத தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்ற நவராத்திரியில் தங்கை மகள் மீண்டும் ஒரு சேனலில் பாடினாள். அதை டிஸ்க்கில் பதிவு செய்தேன். அன்று இரவே அதைத் திரையில் ஓடவிட்டு, ஸ்டாண்டில் நிறுத்திய செல்பேசியில் முழுவதும் படம் பிடித்து, தங்கைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.