அண்ணாச்சி கடை, சூப்பர் மார்க்கெட், உழவர் சந்தை, ஆப்: எங்கே எரிச்சல் கம்மி?

துவரம் பருப்பு எங்கே கிலோவுக்கு நாலு ரூபாய் குறைவு, எந்த எண்ணெய்க்கு எந்தக் கடையில் ஆஃபர் என்று ஒப்பிட்டு எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் போடப்போவது வேறு கணக்கு. மாதச் சாமான் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எங்கே ரத்தம் அதிகம் கொதிக்கிறது, அது யாரால் கொதிக்கிறது? மதுரையில் எனக்கு எட்டுகிற வழிகள் நான்கு: தெருமுனை அண்ணாச்சி கடை, சூப்பர் மார்க்கெட், உழவர் சந்தை, அப்புறம் போனில் ஆர்டர் போடுகிற ஆப். ரேஷன் கடையைச் சேர்க்கவில்லை. அது பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போக முடியாது, அதனால் அது போட்டியிலேயே வராது.

முதலில் அண்ணாச்சி கடை. இங்கே கடைக்காரரால் வருகிற எரிச்சல் குறைவு, கூட நிற்கிறவர்களால் வருவதுதான் அதிகம். வரிசை என்று ஒன்று கிடையாது, குரல்தான் வரிசை. சாயங்காலம் ஆறரை மணிக்கு எட்டுப் பேர் நிற்கும்போது ஒன்பதாவதாக ஒருவர் வண்டியை ஆஃப்கூடப் பண்ணாமல், "அண்ணாச்சி, ஒரே ஒரு பால் பாக்கெட்தான், குடுங்க" என்று நம் தோளுக்கு மேலே கையை நீட்டுவார். சரி, பால்தானே என்று விடுவோம். பால் கைக்கு வந்ததும், "அப்படியே கால் கிலோ உளுந்து. தீப்பெட்டி ரெண்டு. அந்த மோர் மிளகாய் புதுசா? எவ்வளவு?" அதற்குள் நம் சிட்டையைப் பார்த்துச் சாமான் எடுத்துக்கொண்டிருந்த பையன் பாதியில் விட்டுவிட்டு உளுந்து மூட்டைக்குப் போயிருப்பான், திரும்பி வந்து நம்மிடமே "சீனி போட்டேனாக்கா?" என்று கேட்பான். இதில் நல்ல அண்ணாச்சிக்கும் சாதா அண்ணாச்சிக்கும் வித்தியாசம் இருக்கிறது. நல்லவர் தலைக்குள்ளேயே ஒரு வரிசை வைத்திருப்பார், "இரும்மா, இந்தப் பெரியவர் ரொம்ப நேரமா நிக்கிறாரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார், கூட்டம் அடங்கிவிடும். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் பக்கத்துக் கடையை விட்டு இரண்டு தெரு தள்ளி நடந்து போகிறேன்.

சில்லறைத் தகராறு இப்போது பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. பாக்கி இரண்டு ரூபாய்க்குப் பதிலாக மிட்டாய் நீட்டுகிற வழக்கத்தை எந்தச் சட்டமும் நிறுத்தவில்லை, யுபிஐ வந்துதான் நிறுத்தியது. பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சொல்லியும் வாங்காத கடைகள் இருந்த ஊர் இது, அந்த வாதமும் ஸ்கேன் அட்டையோடு குறைந்துவிட்டது. பதிலுக்குப் புதுசாக ஒன்று முளைத்திருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டி சத்தம் போடவில்லை என்றால் கடைக்காரர் நம்ப மாட்டார், வாங்கினவர் "போயிடுச்சுண்ணே, இந்தா பாருங்க" என்று போனை அவர் மூக்கருகே பிடிப்பார், பின்னால் நாம் நிற்போம்.

தராசு விஷயத்தில் மட்டும் கூச்சப்படாதீர்கள். எண் தெரிகிற பக்கம் நம்மைப் பார்த்து இருக்கவேண்டும், இல்லையென்றால் திருப்பச் சொல்லலாம். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை வாங்கியாக வேண்டும், தமிழ்நாட்டில் அந்த வேலை தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. கேட்டால் முகம் சுளிக்கிற கடை உண்டு, அங்கே பாதாம் முந்திரி வாங்காமல் இருப்பது நல்லது.

அண்ணாச்சி கடை தோற்கிற இடம் ஒன்று இருக்கிறது, அதை ஆண்கள் எழுதுகிற ஒப்பீடுகளில் பார்க்க முடியாது. நாப்கின் வாங்குவது. ஆண்கள் கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்று, மெதுவாகக் கேட்டு, அவர் அதைத் தினத்தாளில் சுற்றி, அதன்மேல் கறுப்பு கவர் போட்டு, ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி கையில் தருவார். மரியாதைக்காகத்தான் செய்கிறார், தெரியும். ஆனால் அந்தக் கறுப்பு கவரைப் பார்த்தாலே தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். போதாததற்கு, கொஞ்சம் கூடுதலாகச் சாமான் வாங்கினால் "என்னம்மா, வீட்ல விருந்தாளியா?" என்று வேறு விசாரணை.

சூப்பர் மார்க்கெட் ஜெயிப்பது இங்கேதான். யாரும் எதுவும் கேட்பதில்லை, எதை வேண்டுமானாலும் எடுத்துக் கூடையில் போடலாம். ஆனால் அந்தச் சுதந்திரம் எல்லாருக்கும் கிடைத்துவிட்டதில்தான் தொல்லை. இரண்டு குடும்பங்கள் மசாலா ரேக்குக்கு நடுவே சந்தித்துக்கொண்டால் ட்ராலிகளைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் கல்யாணம், காதுகுத்து வரை பேசுவார்கள், "கொஞ்சம் வழி" என்று கேட்டால் நாம் ஏதோ வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை வரும். சுரைக்காயில் நகத்தைப் பதித்துப் பார்ப்பவர்கள், ஷாம்பு மூடியைத் திறந்து மோந்துவிட்டு அதை வைத்துவிட்டுப் பின்னால் இருப்பதை எடுப்பவர்கள் எல்லாம் தினப்படி. எனக்கு ஆறவே ஆறாதது தயிர் பாக்கெட்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, கடையைச் சுற்றி வந்து, பில் கவுண்டருக்குப் பக்கத்தில் மனசு மாறி, பிஸ்கட் அடுக்கில் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். சாயங்காலம் அது பலூன் மாதிரி உப்பிக்கொண்டு பிஸ்கட்டுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்.

பில் கவுண்டர் தனிக்கதை. ட்ராலியை வரிசையில் நிறுத்திவிட்டு மறுபடி ஷாப்பிங் போகிறவர் ஒரு ரகம். கணவன் ஒரு வரிசை, மனைவி ஒரு வரிசை, எது முதலில் நகர்கிறதோ அங்கே மொத்தக் குடும்பமும் குதிப்பது இன்னொரு ரகம். இதையெல்லாம் தாண்டி நம் முறை வந்தால் முதல் கேள்வி "போன் நம்பர் சொல்லுங்கக்கா." நம்பர் இல்லாமல் பில் ஓப்பனே ஆகாது என்பார்கள். ஆகும். வாடிக்கையாளரை மொபைல் நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் பெரும்பாலும் பூஜ்ஜியங்களைத் தட்டிவிட்டுப் போட்டுவிடுகிறார்கள். நாம் பத்து இலக்கத்தை உரக்கச் சொல்லும்போது பின்னால் நிற்கிற ஆறு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பெண்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அடுத்தது பை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, 2021 டிசம்பரில் அரசே "மீண்டும் மஞ்சப்பை" என்று ஆரம்பித்தது. நல்லது என்று வீட்டிலிருந்து பை கொண்டுபோனால் வாசலில் செக்யூரிட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருகிறார், அல்லது பிளாஸ்டிக் பட்டை போட்டு வாயைக் கட்டிவிடுகிறார். உள்ளே பில் போட்டு முடித்த பிறகு "பை வேணுமாக்கா? பன்னிரண்டு ரூபாய்" என்ற கேள்வி வருகிறது. சாமானை எல்லாம் பில் போட்டு முடிக்கும்வரை பைக்குக் காசு என்று சொல்லாமல் இருந்துவிட்டு கவுண்டரில் வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் ஒரு வழக்கில் சொன்னது. அதற்கப்புறம் வாசலருகே எங்கேயோ ஒரு சின்ன போர்டு வைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

இவ்வளவும் சொன்னாலும், சூப்பர் மார்க்கெட்டில் மரியாதை இல்லாமல் நடப்பதில் கடை ஊழியர்களைவிட நாம் ஒரு படி மேலே என்பேன். போனில் பேசிக்கொண்டே கார்டை மேஜைமேல் தூக்கிப் போடுவது, ரேக்கில் ஒட்டிய விலைக்கும் பில் விலைக்கும் வித்தியாசம் வந்தால் விலையே நிர்ணயிக்காத அந்தப் பெண்ணிடம் கத்துவது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. நீங்கள் போகிற கடையில் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று அடுத்த தடவை எட்டிப் பாருங்கள். காலையிலிருந்து நிற்கிறவர் முகத்தில் சிரிப்பை எதிர்பார்க்கிறோம்.

உழவர் சந்தைக்கு வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பற்று உண்டு. முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது, அப்போது கலைஞர் முதல்வர். அடையாள அட்டை உள்ள விவசாயி தன் தோட்டத்துக் காயைத் தானே கொண்டுவந்து விற்கலாம், நடுவில் கமிஷன் கிடையாது, அன்றன்றைய விலை போர்டில் எழுதியிருக்கும். விலை எழுதியே இருக்கிற இடத்தில் எரிச்சல் எப்படி வரும் என்கிறீர்களா? போர்டைப் பார்த்துவிட்டு வந்தும் "அந்தக் கடைசியில அஞ்சு ரூபா கம்மியாக் குடுக்குறாங்க" என்று ஆரம்பிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான். சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டிக்கர் விலையைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிற அதே ஆள்தான் இங்கே நடுராத்திரி எழுந்து பஸ் பிடித்து வந்த அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது.

வெண்டைக்காய்க்காரர் முன்னால் ஒரு பத்து நிமிடம் நின்றால் போதும். வருகிற ஒவ்வொருவரும் நுனியை ஒடிப்பார்கள், படக் படக்கென்று. ஒடிந்தால் பிஞ்சு, அதைக் கூடையில் போட்டுக்கொள்ளலாம். சிலர் ஒடித்துவிட்டு, அது பிஞ்சாக இருந்தும், திரும்பக் குவியலிலேயே போட்டுவிட்டு அடுத்ததை ஒடிக்கிறார்கள். எட்டு மணிக்குக் குவியலில் பாதி மூக்கறுந்து கிடக்கும், அடுத்து வருகிறவர் "எல்லாம் ஒடிச்சதா இருக்கே" என்று விலை குறைக்கச் சொல்வார். வெங்காயத்தில் மேல்தோலை உரித்துவிட்டு எடைக்கு வைக்கிறவர்கள், காசு கொடுத்த பிறகு கறிவேப்பிலையைக் கொசுறாக ஒரு கைப்பிடி தாங்களே அள்ளிக்கொள்கிறவர்கள் என்று பட்டியல் நீளும். விற்பவர்கள் மட்டும் சும்மாவா, பொறுக்க விடாமல் தக்காளியை மொத்தமாக அள்ளிப் போடுகிறவர் உண்டு, அடியில் நசுங்கியது ரெண்டு நிச்சயம். ஆனால் இங்கே ஒரு வசதி, சண்டை அந்த நிமிடமே முடிந்துவிடும். "ஏன்மா, இது அழுகலா இருக்கே" என்றால் "சரி தாயி, மாத்திக்க" என்று வந்துவிடும். படிவம், டிக்கெட் நம்பர், காத்திருப்பு எதுவும் கிடையாது.

ஆப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகத்துக்கு நேராக யாரும் மரியாதைக் குறைவாக நடப்பதில்லை, காரணம் முகமே இல்லை. எரிச்சல் எல்லாம் கடைசித் திரையில் வரும்: கையாளும் கட்டணம், சின்ன ஆர்டர் கட்டணம், மழைக் கட்டணம். கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது உட்பட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது, திரையில் அவ்வளவாகத் தெரியவில்லை. உணவுப் பொருளை வீட்டில் தரும்போது காலாவதிக்குக் குறைந்தது 45 நாளாவது, அல்லது ஆயுளில் 30 சதவீதமாவது மிச்சம் இருக்கவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமும் ஆன்லைன் நிறுவனங்களிடம் 2024-ல் சொன்னது, எனவே பாக்கெட்டை வாங்கினதும் தேதியைப் பாருங்கள். மற்றபடி நம்மிடம் இருக்கிற மரியாதைக் குறைவெல்லாம் டெலிவரி தம்பி தலையில்தான் இறங்குகிறது. அவனை லிஃப்டில் ஏறாதே என்கிற அடுக்குமாடிகள் இருக்கின்றன, கனத்த அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு நாலாவது மாடி ஏறி வந்தவனிடம் "ஏன் லேட்டு?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆக, ஒரே கடைக்கு ஓட்டுப் போட மாட்டேன். காய்க்கு உழவர் சந்தை, ஏழு மணிக்கு முன்னால், நுனி ஒடிக்கும் கோஷ்டி வருவதற்குள். பருப்பு, அரிசி, மசாலாவுக்கு அண்ணாச்சி, ஆனால் சாயங்காலம் போகவே போகாதீர்கள். காலையில் சிட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மதியம் மூன்று மணிக்கு, அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் போய் எடுத்துக்கொள்வது. ரவையில் வண்டு இருந்தால் பில் இல்லாமலே மாற்றித் தருகிற ஒரே ஆள் அவர்தான். சோப்பு, நாப்கின் வகையறாவுக்கு சூப்பர் மார்க்கெட், அதுவும் வாரநாள் காலை, மாதத்தின் முதல் ஞாயிறு வேண்டவே வேண்டாம். ஆப், காய்ச்சலில் படுத்திருக்கிற நாட்களுக்கு. எந்தக் கடையாக இருந்தாலும் பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் "கூலிங் சார்ஜ்" என்று இரண்டு ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள். அச்சடித்த விலையில் எல்லா வரியும் அடக்கம், அதற்குமேல் கேட்பது சட்டப்படி தப்பு. கடைக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.