மியாட்டாவும் பக்கத்துவீட்டு ஃபெராரியும்

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் இந்தியாவில் கார் விற்பதில்லை. அதனால் ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு என் வாசலில் நிற்கும் சிவப்பு எம்எக்ஸ்-5 ஒரு புதிராகவே இருக்கிறது. பார்த்ததும் முதல் கேள்வி, “இரண்டே பேர்தான் உட்கார முடியுமா?” அடுத்த கேள்வி விலை. அதைச் சொன்னதும், இந்தப் பணத்துக்கு ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்கியிருக்கலாமே என்ற எண்ணம் வாயில் வராவிட்டாலும் கண்ணில் தெரிந்துவிடும்.

2022 மாடல், கிளப் ரகம், ஆறு கியர் மேனுவல், துணிக்கூரை. அமெரிக்காவில் மியாட்டா என்றால்தான் பலருக்குத் தெரியும். கலிபோர்னியாவின் பாசடீனாவில் புதிதாக வாங்கி, அலுவலகத்துக்கும் மளிகைக் கடைக்கும் மலைப்பாதைக்கும் இதையே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு டாக்டரிடம் 2002ஆம் ஆண்டு ஃபெராரி 360 மோடெனா இருக்கிறது. மதுரைக்காரர், தாராள மனது. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் சாவியை நீட்டி, என் சாவியை வாங்கிக்கொள்வார். இரண்டையும் ஒரே பாதையில் ஓட்டிப் பார்க்கும் பேறு எனக்கு வாய்த்தது அப்படித்தான்.

வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் புதிய கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் உற்பத்தியாளரின் விலைப்பட்டியல் ஒட்டியிருக்க வேண்டும் என்பது 1958இல் வந்த சட்டம். நான் தேடியது, சிப் தட்டுப்பாட்டால் புதிய கார்கள் கிடைப்பதே அரிதாக இருந்த காலம். முதலில் நுழைந்த விற்பனையகத்தில் அந்தப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தாள் ஒட்டியிருந்தது: சந்தை நிலவரத்துக்காக ஐயாயிரம் டாலர் கூடுதல். எதற்கு என்று கேட்டேன். “எல்லாரும் கொடுக்கிறார்கள்” என்றார் விற்பனையாளர். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேறோர் ஊரில் சொல்லிவைத்து, சில மாதம் காத்திருந்து, பட்டியல் விலைக்கே வாங்கினேன். முப்பதாயிரம் டாலரைச் சற்றுத் தாண்டியது. கைக்கு எட்டும் விலைதான் இந்தக் காரின் முதல் குணம். அதன்மேல் ஐயாயிரத்தை ஏற்றிவிட்டால் பிறகு எதற்கு மியாட்டா?

இந்தக் காரின் பிறப்பில் தெற்குக் கலிபோர்னியாவுக்கும் பங்கு உண்டு. பாப் ஹால் என்ற மோட்டார் பத்திரிகையாளர் 1979இல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, இலேசான, எளிய, திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செய்யுங்கள் என்று சொன்னார். பின்னர் அவரே மாஸ்டாவில் சேர்ந்தார். முன்னால் என்ஜின், பின்சக்கர இயக்கம் என்று இங்கிருந்த வடிவமைப்புக் குழு கொடுத்த வரைவு, ஜப்பானில் தயாரான வேறு வரைவுகளோடு போட்டியிட்டு வென்றது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதல் கார் மேடையேறியது. 2016இல் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. என்னிடம் இருப்பது நான்காம் தலைமுறை.

அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். டிக்கி 130 லிட்டர். சிறிய பெட்டிகள் இரண்டு போகும், மூன்றாவது போகாது. ஆர்ட்டீசியாவில் இந்தியக் கடைகள் நிறைந்த பயனியர் பூலவார்டுக்குப் போய் அரிசி மூட்டை வாங்கினால், அது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் வரும். அதற்கும் சீட்பெல்ட் மாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் எச்சரிக்கை மணி வீடுவரை விடாது. காகிதங்கள் வைக்க எதிரே அறை கிடையாது. இருக்கைகளுக்கு நடுவே, முதுகுப்பக்கம், ஒரு பூட்டுப் பெட்டி இருக்கிறது. ஓட்டிக்கொண்டே அதில் எதையாவது தேடுவதென்றால் யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும். 210 நெடுஞ்சாலையில் லாரிக்குப் பக்கத்தில் போகும்போது கூரையை மூடியிருந்தாலும் போனில் பேச முடியாது. இதையெல்லாம் குறை என்று சொல்லமாட்டேன். வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை, அவ்வளவுதான்.

கூரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முன்கண்ணாடிச் சட்டத்தின் நடுவில் ஒரே ஒரு பிடி. அதை விடுவித்து, உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னுக்குத் தள்ளி, ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்தினால் முடிந்தது. சிக்னலில் சிவப்பு விளக்கு எரியும் நேரம் தாராளமாகப் போதும். மோட்டார் இல்லை, பழுதாவதற்கு வழியும் இல்லை. இவ்வளவு சுலபம் என்பதால், கடைக்குப் பால் வாங்கப் போகும் ஐந்து நிமிடத்துக்கும் திறந்துவிடுகிறேன். பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருக்கும் ஏற்பாடாக இருந்தால் இத்தனை முறை திறந்திருப்பேனா என்பது சந்தேகம்.

என்ஜின் 1,998 சிசி, நான்கு சிலிண்டர், 181 குதிரைத்திறன். எடை ஏறக்குறைய 1,060 கிலோ. ஏட்டில் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கியர் லிவர் மணிக்கட்டை அசைத்தாலே அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது, நிமிடத்துக்கு 7,500 சுற்றுவரை என்ஜின் சலிக்காமல் ஏறுகிறது. வளைவில் வண்டி நன்றாகவே சாய்கிறது. பலர் இதைப் பழிக்கிறார்கள், கெட்டியான ஸ்பிரிங் வாங்கி மாட்டுகிறார்கள். நான் மாற்றவில்லை. டயரின் பிடி இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை அந்தச் சாய்வுதான் எனக்குச் சொல்கிறது. என்ஜினின் சத்தம் மட்டும் சப்பென்று இருக்கிறது.

சத்தம் என்றதும் டாக்டரின் காருக்குப் போக வேண்டியதுதான். 3.6 லிட்டர் வி8, சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 8,500 சுற்றில் 400 குதிரைத்திறன். முழு அலுமினியச் சட்டத்தில் ஃபெராரி கட்டிய முதல் சாலைக் கார் இந்த 360தான். என்ஜின் முதுகுக்குப் பின்னால், கண்ணாடி மூடிக்குக் கீழே, போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி இருக்கிறது. கியர் லிவர் வெட்டுப்பள்ளங்கள் உள்ள உலோகத் தகட்டுக்குள் நகர்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ‘கிளிங்’ என்று ஓர் ஒலி. முதல்முறை சாவியைக் கொடுக்கும்போது டாக்டர் சொன்னது இதுதான்: “எண்ணெய் சூடாகும்வரை இரண்டாவது கியரைத் தொடாதீர்கள் தம்பி. ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போய்விடுங்கள்.” இந்தத் தலைமுறை ஃபெராரிகளின் இயல்பு அது. குளிர்ந்த நிலையில் இரண்டாவது கியர் கையைத் தள்ளிவிடும். பத்து நிமிடம் போனபின் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும்.

லா கன்யாடாவில் ஏறத் தொடங்கும் ஏஞ்சலஸ் கிரெஸ்ட் சாலைதான் இரண்டுக்கும் என் சோதனைக்களம். ரெட் பாக்ஸ் சந்திப்புவரை வளைவு மேல் வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. ஃபெராரியில் ஐயாயிரம் சுற்றைத் தாண்டும்போது உறுமல் மறைந்து ஒரு கூர்மையான குரல் எழுகிறது, பாறையில் மோதித் திரும்பி வருகிறது. மியாட்டாவில் எத்தனை ஆயிரம் டாலர் செலவழித்து என்ன புகைக்குழாய் மாட்டினாலும் அது வராது. ஸ்டீயரிங்கிலும் அப்படித்தான். ஃபெராரியின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் தார்ச்சாலையின் மணல் துகளைக்கூட விரலுக்குச் சொல்கிறது. மியாட்டாவின் மின்விசை ஸ்டீயரிங் சுறுசுறுப்பானது, ஆனால் பேச்சு குறைவு. காதுக்கும் கைக்கும் கிடைக்கும் இன்பத்தில் 360 ஒரு படி அல்ல, பல படி மேல். இதை மறுத்துப் பேசும் மியாட்டா பிரியர்கள் அந்தக் காரை ஓட்டியிருக்கமாட்டார்கள்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை எட்ட என் காருக்கு ஆறு விநாடியை ஒட்டி ஆகிறது, அவர் காருக்கு நாலரையை ஒட்டி. குழந்தை இருக்கை மாட்டிய டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் எங்கள் இருவரையும் சிக்னலில் விட்டுவிட்டுப் போய்விடும். இரண்டு காரிலும் இரண்டாவது கியரை முழுதாக இழுத்தாலே மலைச்சாலையின் 55 மைல் வரம்பு கடந்துவிடுகிறது.

உண்மையான வேறுபாடு ஓடோமீட்டரில் இருக்கிறது. 360 கார்களில் பெரும்பாலானவை, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்புகளால் மாற்றும் கியரோடு விற்கப்பட்டவை. தகட்டு மேனுவல் குறைவு, அதனால் இன்று அதற்குத்தான் கூடுதல் விலை. டாக்டரின் கார் இன்னும் இருபதாயிரம் மைலைத் தொடவில்லை. அதன் மதிப்பில் பெரும்பங்கு அந்த எண்ணில்தான் அடங்கியிருக்கிறது. ஓட்டும் ஒவ்வொரு மைலும் விலையைத் தின்கிறது. காப்பீடும் அப்படியே. மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் சேகரிப்பாளர் பாலிசி அவருடையது, ஆண்டுக்கு இத்தனை மைல்தான் என்று வரம்பு வைத்திருக்கிறது. சரி, ஓட்டாமல் நிறுத்திவைத்தால் செலவு மிச்சமா என்றால் அதுவும் இல்லை. என்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டை மைல் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் மாற்ற வேண்டும், மூன்றாண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கம். முந்தைய எஃப்355இல் இதற்கு என்ஜினையே இறக்க வேண்டும். 360இல் இருக்கைகளின் பின்தட்டைக் கழற்றினால் போதும் என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் பில் ஆயிரக்கணக்கான டாலரில்தான் வரும்.

இது ஓட்டுகிறவர் மனத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உணவகம் எது என்று முடிவு செய்வதற்குமுன் அதன் நுழைவுச் சரிவு எவ்வளவு செங்குத்து என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, மூக்கு தரையில் உரசிவிடுமே. நிறுத்திவிட்டு உட்கார்ந்தாலும் கண் ஜன்னல் வழியே வெளியேதான் போகிறது. என் காரின் கதவில் யாரோ ஒரு கடை வாசலில் தள்ளுவண்டியால் இட்ட பள்ளம் இருக்கிறது. பார்த்தேன், ஒரு நிமிடம் திட்டினேன், பிறகு காய்கறியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாவி மாறும் ஞாயிறுகளில் நான் டாக்டரின் காரைச் சொன்ன நேரத்துக்கு முன்பே கொண்டுவந்து கராஜில் விட்டுவிடுகிறேன். அவர் என் காரை எடுத்துக்கொண்டு போனால் மதியச் சாப்பாட்டுக்குக்கூடத் திரும்புவதில்லை. அவர் மனைவி போன் செய்து கேட்பார், “டாக்டரை எங்கே காணோம் தம்பி?” டாக்டர் அந்த மலைச்சாலையின் மறுகோடியில், ரைட்வுட் ஊர்ப் பக்கம் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

பராமரிப்பில் எனக்கு இதுவரை பெரிய செலவு இல்லை. எண்ணெய் 0டபிள்யூ-20, வீட்டு வாசலிலேயே நானே மாற்றுகிறேன். 17 அங்குல டயர்கள் சிறியவை, அதனால் விலையும் அடக்கம். டைமிங்குக்கு பெல்ட் இல்லை, சங்கிலிதான். கூரையின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை இலை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்தடியில் நிறுத்துபவர்கள் இதை மறக்கக் கூடாது.

புதிதாக வாங்குபவர்கள் மலைப்பாதையில் ஓட்டுவதாக இருந்தால் அடிப்படை ஸ்போர்ட் ரகத்தை விட்டுவிட்டு கிளப் மேனுவலுக்குப் போங்கள். பின்சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் முதலாவதில் இல்லை, இரண்டாவதில் உண்டு. நகருக்குள் மட்டும் என்றால் ஸ்போர்ட்டே போதும். எதுவானாலும் கையெழுத்துப் போடுமுன் கூரையை மூடிவிட்டு அரைமணி நேரம் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். ஆறடி இரண்டங்குலம் உயரமுள்ள என் மைத்துனர் திறந்த காரில் சுற்றிவந்து மயங்கி, முன்பணம் கொடுக்கும் நிலைக்கே போய்விட்டார். மழை வந்து கூரையை மூடினோம், தலை துணியில் இடித்தது. அவர் இப்போது ஓட்டுவது வேறு கார்.