செர்வாவேக் ஊசி ரிவ்யூ: "மூணு டோஸும் போடலைன்னா வேஸ்ட்"னு சொன்னதை நம்பி ஒரு வருஷம் போச்சு

எங்க ஊரு ஒட்டன்சத்திரம் பக்கம். மூத்தவளுக்கு இப்ப 16 நடக்குது, சின்னவளுக்கு 12 முடிஞ்சிருச்சு. ரெண்டு பேருக்கும் கர்ப்பப்பை வாய் கேன்சருக்கான எச்பிவி தடுப்பூசி போட்டுட்டு இருக்கோம், புனே சீரம் இன்ஸ்டிட்யூட்ல தயார் பண்ற செர்வாவேக். ஊசி எப்படி, கிளினிக் எப்படின்னு எழுதத் தான் உட்கார்ந்தேன், ஆனா எத்தனை டோஸ்ங்கிற கணக்கைத் தான் நெறைய எழுதப் போறேன், ஏன்னா அதுல தான் நாங்க குழம்பி ஒரு வருஷத்தை விட்டோம்.

முதல்ல ஏன் போடணும்னு தோணுச்சுன்னு சொல்லிடுறேன். என் சித்தி இந்த கேன்சர்ல தான் போனாங்க. ரத்தம் படுதுன்னு யார்கிட்டயும் சொல்ல வெக்கப்பட்டு, எட்டு மாசம் பழைய துணிய மடிச்சு வச்சு மறைச்சிருக்காங்க, மதுரைக்குக் கூட்டிட்டுப் போறப்ப டாக்டரே தலைய ஆட்டிட்டாரு. கடைசி ஒரு மாசம் நான் தான் கூட இருந்தேன். அந்த வாடையும் சித்தி "எனக்கு ஏன்டி இப்படி"ன்னு கேட்டதும் இன்னும் போகல. நம்ம நாட்டுல 2022ல மட்டும் 1 லட்சத்து 27 ஆயிரம் பேருக்கு மேல இது புதுசா வந்திருக்கு, கிட்டத்தட்ட 80 ஆயிரம் பேர் செத்திருக்காங்க. இதுல பெரும்பங்கு எச்பிவிங்கிற வைரஸ்ல 16, 18னு நம்பர் வச்சிருக்கிற ரெண்டு வகையால வர்றது, ரெண்டையும் தடுக்க ஊசி இருக்கு.

அதனால மூத்தவளுக்கு 14 வயசு இருக்கும்போதே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேரு வேண்டாம். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு ஒரு கலர் நோட்டீஸைக் குடுத்து, ஒன்பது வகைக்குமான வெளிநாட்டு ஊசி தான் பெஸ்ட்டு, ஒரு டோஸ் பத்தாயிரத்துக்கு மேல, ஆளுக்கு மூணு டோஸ், ரெண்டு பேருக்கும் சேர்த்து அறுபதாயிரத்துக்கு மேல ஆகும், பேக்கேஜா முன்னாடியே கட்டணும்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் மார்க்கெட்ல தக்காளி கமிஷன் கடைல கணக்கு எழுதுறவரு. ஒரு டோஸ் மட்டும் இப்ப போட்டுக்கலாமா, மிச்சம் அப்புறம் பாக்கலாமான்னு கேட்டேன். "மூணும் போடலைன்னா போட்ட காசும் வேஸ்ட் மேடம்"னு சொல்லிட்டாங்க. சரி சீட்டு எடுத்ததும் வரலாம்னு திரும்பி வந்துட்டோம். சீட்டு எடுத்தப்ப வேற செலவு வந்துச்சு. அப்படியே ஒரு வருஷம் ஓடி மூத்தவளுக்கு 15 தாண்டிருச்சு.

அந்தப் பொண்ணு சொன்னதுல ரெண்டு தப்பு இருக்குன்னு எனக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது. ஒண்ணு, 15 வயசுக்குக் கீழ இருந்தா மூணு டோஸ் தேவையே இல்ல. 2014லயே உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு அந்த வயசுக்கு ரெண்டே போதும்னு சொல்லிட்டாங்க, நாங்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போனப்ப என் ரெண்டு பொண்ணுங்களும் 15க்குக் கீழ தான். ரெண்டாவது தப்பு தான் பெரிசு, ஒரு டோஸ் போட்டா வேஸ்ட்டுன்னு சொன்னது. 2022 டிசம்பர்ல அதே நிறுவனம் 9ல இருந்து 20 வயசு வரைக்கும் ஒண்ணோ ரெண்டோ போட்டாலே சரின்னு சொல்லிருச்சு. 2023ல ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ஒரு டோஸுக்கே மாறிட்டாங்க.

இதெல்லாம் எனக்கு எடுத்துச் சொன்னது இப்ப போற சின்ன கிளினிக்ல இருக்கிற குழந்தைங்க டாக்டர். அவரு சொன்னதுல என்னை அசர வச்சது என்னன்னா, இந்த ஒரு டோஸ் விஷயம் உலகத்துக்குத் தெரிய வந்ததுல நம்ம பக்கத்து ஊரு அம்பிளிக்கைக்கும் பங்கு இருக்காம். எங்க வீட்ல இருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல வந்துரும், அங்க இருக்கிற கிறிஸ்டியன் ஃபெலோஷிப் ஆஸ்பத்திரியும் அந்த ஆராய்ச்சில ஒரு சென்டர்.

கதை இது தான். 2009 செப்டம்பர்ல இந்தியா முழுக்க பல ஊர்ல 10ல இருந்து 18 வயசு வரைக்கும் 20 ஆயிரம் பொண்ணுங்களுக்கு ஊசி போட்டு, மூணு டோஸுக்குப் பதிலா ரெண்டு போதுமான்னு பாக்க ஆரம்பிச்சாங்க. கேன்சர் ஆராய்ச்சி பண்ற டாக்டர் சங்கரநாராயணன் தலைமைல நடந்துச்சு. ஒரு டோஸ் பத்தி அப்ப யோசிக்கவே இல்ல. 2010 ஏப்ரல்ல அரசாங்கம் திடீர்னு நிறுத்தச் சொல்லிருச்சு. என்னன்னா அப்ப ஆந்திராவுல இருந்த கம்மம், குஜராத்ல வதோதரா, அங்க நடந்த வேற ஒரு திட்டத்துல ஊசி போட்ட பொண்ணுங்கள்ல சில பேரு இறந்துட்டாங்கன்னு பெரிய பிரச்சினை. அந்தச் சாவுக்கு ஊசி காரணம் இல்லைன்னு விசாரணைல வந்துச்சு, ஆனா அங்க ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு அப்பா அம்மாவைக் கேக்காம வார்டன்கிட்ட கையெழுத்து வாங்கினது நிஜம், அது தப்பு தான், அதை மறைச்சுப் பேசக்கூடாது. அந்தக் கோபத்துல சம்பந்தமே இல்லாத இந்த ஆராய்ச்சியும் பாதில நின்னுபோச்சு. ஊசி போட ஆரம்பிச்ச 17 ஆயிரத்துச் சொச்சம் பொண்ணுங்கள்ல கிட்டத்தட்ட 5 ஆயிரம் பேருக்கு ஒரே ஒரு டோஸ் தான் விழுந்திருந்துச்சு.

வேற யாரா இருந்தாலும் கெட்டுப்போச்சுன்னு ஃபைலை மூடியிருப்பாங்க. இந்த ஆராய்ச்சி பண்ணவங்க அந்தப் பொண்ணுங்க கல்யாணம் ஆகி, புள்ள பெத்து, ஊரு மாறிப் போனாலும் வருஷா வருஷம் தேடிப்போய்ப் பார்த்திருக்காங்க. 2021ல லான்செட் ஆன்காலஜிங்கிற மருத்துவ இதழ்ல முடிவு வந்துச்சு. 16, 18 வகை வைரஸ் உடம்புல ஒட்டிக்கிட்டுத் தங்காம தடுக்கிறதுல 10 வருஷம் கழிச்சும் ஒரு டோஸுக்கு 95.4 சதவீதம், ரெண்டு டோஸுக்கு 93.1, மூணுக்கு 93.3. ஒண்ணு தான் ஜாஸ்தின்னு அர்த்தம் இல்ல, மூணும் ஏறக்குறைய ஒண்ணு போல தான்னு டாக்டர் விளக்கினாரு. இது தொற்றைத் தடுக்கிற கணக்கு, கேன்சர் கணக்கு இல்லைங்கறதையும் சொன்னாரு, கேன்சரா மாற 15, 20 வருஷம் ஆகும்ல.

ஒரு ஊசி எப்படிப் போதும், போலியோ சொட்டு மருந்து எத்தனை தடவை குடுத்தோம்னு நான் கேட்டேன். அவரு மேஜை மேல கெடந்த வேர்க்கடலைய எடுத்து ஓட்டை ஒடச்சு பருப்பைத் தனியா வச்சுட்டு, ஓட்டை மறுபடி மூடிக் காட்டினாரு. ஊசில இருக்கிறது இந்த வெறும் ஓடு தான், உள்ள பருப்பு இல்ல, அதனால நோய் வராது, ஆனா வெளிய இருக்கிற மேடு பள்ளம் அப்படியே வைரஸ் மாதிரி வரிசையா இருக்கிறதால உடம்பு முதல் தடவையே நல்லா அடையாளம் பிடிச்சு வச்சுக்கும்னாரு. ஒரு டோஸ் போட்டவங்களுக்கு எதிர்ப்புச் சத்து ரெண்டு போட்டவங்களை விடக் கம்மியா தான் இருக்குமாம், ஆனா எறங்காம வருஷக்கணக்கா ஒரே மட்டத்துல நிக்குமாம். என் சின்னவ அந்தப் பருப்பைத் தின்னுட்டா, அவரு சிரிச்சாரு.

அப்ப நீ ஏன் ஒண்ணோட நிறுத்தலன்னு கேப்பீங்க. அந்த 10 வருஷக் கணக்கு கார்டசில்ங்கிற ஊசிய வச்சு எடுத்தது. செர்வாவேக்குக்கு 2022ல தான் அனுமதி கெடச்சு 2023ல வெளிய வந்துச்சு, கார்டசில் அளவுக்கு எதிர்ப்புச் சத்து வருதுன்னு காட்டித் தான் அனுமதி வாங்கியிருக்காங்க, ஆனா ஒரு டோஸோட பத்து வருஷம் தள்ளிப் பாக்குற அளவுக்கு அதுக்கு இன்னும் வயசு ஆகல. பெட்டில போட்டிருக்கிறது 14 வயசு வரைக்கும் ஆறு மாச இடைவெளில ரெண்டு, 15க்கு மேல மூணு. என்னால முடியுது, அதனால சின்னவளுக்கு ரெண்டுன்னு முடிவு பண்ணேன். மூத்தவளுக்கு மூணு. கென்யாவுல 15ல இருந்து 20 வயசுப் பொண்ணுங்களுக்கு ஒரு டோஸ் போட்டுப் பார்த்ததுல ஒன்றரை வருஷத்துல 97.5 சதவீதம் பாதுகாப்பு வந்திருக்கு, அது நல்ல சேதி தான். ஆனா ஸ்காட்லாந்துல 2024ல வந்த கணக்கைக் கேட்டப்ப எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது. 12, 13 வயசுல போட்டுக்கிட்டவங்கள்ல, எத்தனை டோஸா இருந்தாலும், ஒருத்தருக்குக் கூட இந்த கேன்சர் வரல. 14 வயசுலயோ அதுக்கு அப்புறமோ போட்டவங்கள்ல மூணு டோஸும் முடிச்சவங்களுக்குத் தான் தெளிவா கொறஞ்சிருக்கு. டோஸ் எண்ணிக்கைய விட எந்த வயசுல முதல் ஊசி விழுதுங்கறது தான் விஷயம்னு எனக்கு அப்ப புரிஞ்சுது. நான் எண்ணிக்கையப் பாத்து வயசை விட்டேன்.

எங்க தெருவுல ஒரு அக்கா, மார்க்கெட்ல மூட்டை பிரிச்சு காய் தரம் பிரிக்கிற வேலை, 13 வயசுப் பொண்ணு. "ஒண்ணு தான் என்னால முடியும், பாதி போட்டா தண்டமாடி"ன்னு என்கிட்ட கேட்டாங்க, நான் ஆஸ்பத்திரில கேட்ட அதே கேள்வி. கையோட கூட்டிட்டுப் போனேன். டாக்டர் அவங்ககிட்ட, இன்னிக்கே போட்டுடுங்க, ரெண்டாவது எப்ப காசு வருதோ அப்ப வாங்க, லேட்டானாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லன்னு சொன்னாரு. அந்த அக்கா கார்டை மடிச்சு ரேஷன் கார்டுக்குள்ள வச்சுக்கிட்டாங்க.

ஒரு விதிவிலக்கு இருக்கு. எச்ஐவி இருக்கிற பிள்ளைங்க, கிட்னி மாத்தினவங்க, எதிர்ப்புச் சக்தி கொறையுற மருந்து சாப்பிடுறவங்க, இவங்களுக்கு ஒரு டோஸ் பத்தாது. கொறஞ்சது ரெண்டு, முடிஞ்சா மூணு. டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

கிளினிக் பத்தி. ஊசி ஒண்ணு 2000, டாக்டர் ஃபீஸ் 200. நர்ஸம்மா பிரிட்ஜ்ல இருந்து எடுக்கறதுக்கு முன்னாடி கதவுல தொங்குற தெர்மாமீட்டரைக் காட்டினாங்க, 4 டிகிரி, ரெண்டுல இருந்து எட்டுக்குள்ள இருக்கணுமாம். பெட்டியத் திருப்பி எக்ஸ்பயரி தேதிய என்னையே வாசிக்கச் சொன்னாங்க. மூத்தவ துப்பட்டாவை வாயில கடிச்சுக்கிட்டா, இடது கை மேல் பக்கம் குத்தி எடுத்தது ஒரு நிமிஷம் கூட ஆகல. அப்புறம் கால் மணி நேரம் உட்கார வச்சாங்க, இந்த வயசுப் பிள்ளைங்க ஊசிக்குப் பயந்து மயக்கம் போடுவாங்கன்னு. காலைல சாப்பிடாம கூட்டிட்டுப் போகாதீங்க. மூத்தவளுக்கு ரெண்டு நாள் கை கனமா வலிச்சுது, சின்னவளுக்கு அன்னிக்கு ராத்திரி லேசா காய்ச்சல், அவ்ளோ தான். குறைன்னா சனிக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, ஒன்றரை மணி நேரம் நின்னோம், அடுத்த டோஸ் தேதிய போன் பண்ணி ஞாபகப்படுத்துறது கெடையாது, நாமளே தான் காலண்டர்ல வட்டம் போட்டுக்கணும். ஊசிக்கு முழு மார்க், கிளினிக்குக்கு அஞ்சுக்கு நாலு.

காசு இல்லைன்னா விட்டுறாதீங்க. தமிழ்நாடு அரசு 2025 மார்ச் பட்ஜெட்ல 14 வயசுப் பொண்ணுங்களுக்கு இந்த ஊசி போட 36 கோடி ஒதுக்குறோம், படிப்படியா எல்லா மாவட்டத்துக்கும்னு அறிவிச்சாங்க. பொண்ணோட ஸ்கூல்லயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ கேளுங்க. சம்மதக் கடிதம் வந்தா படிச்சுப் பாத்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, ஒரு டோஸ் தான் குடுக்கறாங்கன்னு வேண்டாம்னு சொல்லிறாதீங்க.

எனக்கு 41. இந்த வயசுல எனக்கு ஊசிய விட டெஸ்ட்டு தான் முக்கியம்னு டாக்டர் சொன்னாரு, ஊசி போட்ட பொண்ணுங்களும் 30க்கு மேல டெஸ்ட் பண்ணிக்கத் தான் வேணுமாம். அசிட்டிக் ஆசிட் தடவிக் கண்ணால பாக்குற சாதாரண டெஸ்ட்டு, நம்ம திண்டுக்கல் மாவட்டத்துலயே ஊரு ஊரா பண்ணிப் பாத்து இந்த கேன்சர் சாவு 35 சதவீதம் கொறஞ்சுதுன்னு 2007ல வெளியிட்டிருக்காங்க. சித்தி இருந்த வீட்ல இருந்து அந்த டெஸ்ட் பண்ணின இடம் ரொம்பத் தூரமில்ல. சின்னவளோட ரெண்டாவது டோஸ் அடுத்த மாசம் 14ஆம் தேதி, அன்னிக்கே நானும் டெஸ்ட்டுக்குப் பேரு குடுத்திருக்கேன், மூட்டை பிரிக்கிற அக்காவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க.