எடைக்கல் தீர்ந்த இடத்தில்: மெகா நியூட்டன் விசையை எதை நம்பி அளப்பது?

சாட்டர்ன் 5 ராக்கெட்டின் அடிப்பகுதியில் இருந்த எஃப்-1 எஞ்சின் ஒன்றின் உந்துவிசை சுமார் 6.77 மெகா நியூட்டன். கிட்டத்தட்ட 690 டன் எடையைத் தாங்கி நிற்கும் விசை. ஆனால் எடைக்கற்களைத் தொங்கவிட்டு விசையை உண்டாக்கும் இயந்திரங்களில் உலகிலேயே பெரியது 4.45 மெகா நியூட்டனோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே போகும் எந்த எண்ணும் நேரடியாக ஒரு எடைக்கல்லோடு ஒப்பிட்டு வந்ததல்ல. ஏதோ ஒரு வழியில் பெருக்கியோ கூட்டியோ வந்தது.

அந்த வழிகளைத்தான் இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். எது மிகத் துல்லியம் என்று மட்டும் கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடலாம்: எடைக்கல். எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு. அளவு தப்பிப் போனால், அந்த முறை அதைத் தானே காட்டிக்கொடுக்குமா, மறைத்துவிடுமா?

எடைக்கல் இயந்திரம்

அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க்கில் உள்ள தேசியத் தர நிறுவனமான நிஸ்டில் 1965-இல் அமைந்த இயந்திரம் இது. மூன்று மாடி உயரம். தலா சுமார் 22.7 டன் எடையுள்ள 20 துருப்பிடிக்காத எஃகு வட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. சுமையைத் தாங்கும் எஃகுச் சட்டம் மேலெழ மேலெழ வட்டுகள் ஒவ்வொன்றாக அதில் தொங்க ஆரம்பிக்கும். எல்லாம் சேர்ந்தால் சுமார் 453 டன். அந்த எண் முன்னே பின்னே விலகக்கூடிய அளவு வெறும் 0.0005 சதவீதம். அதாவது 453 டன்னுக்கு இரண்டேகால் கிலோ!

இந்தத் துல்லியம் எஃகை மட்டும் நம்பி வருவதில்லை. நிறை எங்கும் ஒன்றுதான், ஆனால் அது தரும் விசை இடத்துக்கு இடம் மாறும். புவியீர்ப்பு முடுக்கம் (மீட்டர்/வினாடி² அலகில்) நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. துருவத்தில் 1 மெகா நியூட்டன் தரும் அதே எடையை நிலநடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தால் அரை டன்னுக்கும் மேல் குறைந்துவிடும். அதனால் இயந்திரம் நிற்கும் இடத்திலேயே ஈர்ப்பை அளந்தாக வேண்டும். உயரம்கூடக் கணக்கில் வரும்: ஒரு மீட்டர் மேலே போனால் ஈர்ப்பு பத்து லட்சத்தில் 0.3 பங்கு குறையும், ஆகவே மேல் வட்டுக்கும் கீழ் வட்டுக்கும் ஒரே மதிப்பைப் போட முடியாது. அப்புறம் காற்று. தண்ணீரில் மூழ்கிய பொருள் லேசாவதுபோல, காற்றில் தொங்கும் எஃகும் பத்து லட்சத்தில் 150 பங்கு லேசாகிறது. இந்த இயந்திரத்தின் முழுச் சுமையில் அது ஒரு ஆளின் எடை அளவுக்கு வரும். அதைக் கழிக்க மறந்தால் மற்றத் துல்லியமெல்லாம் வீண்.

காட்டிக்கொடுக்குமா என்று கேட்டால், காட்டிக்கொடுக்கும். எடை ஒன்றோடொன்று உரசினாலோ ஆடினாலோ திரும்பத் திரும்ப எடுக்கும் அளவுகள் ஒத்துப்போகாது. சுமார் 50 ஆண்டுகள் உழைத்த பிறகு இந்த இயந்திரத்தை முழுவதுமாகப் பிரித்துச் செப்பனிட்டார்கள். இவ்வளவு காலம் மதிப்பு மாறாமல் நிற்கும் கருவி இந்தத் துறையில் அரிது. ஆனால் செலவும் இடமும் யாருக்கும் கட்டுப்படியாகாது. ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமான பிடிபியிலேயே எடைக்கல் இயந்திரம் 2 மெகா நியூட்டன்தான்.

நெம்புகோல், ஹைட்ராலிக்

நெம்புகோல் முறையில் சிறிய எடையை நீண்ட கையில் தொங்கவிட்டு, குட்டையான கையில் பத்து மடங்கு விசை எடுக்கிறோம். நல்ல முறைதான். ஆனால் நெம்புகோல் ஊன்றி நிற்கும் கத்திமுனை தேய்ந்தால் கைகளின் விகிதம் மாறிவிடும். பல மெகா நியூட்டனுக்கு இது வழியல்ல என்பதால் இதோடு விடுகிறேன்.

ஹைட்ராலிக் பெருக்கம் அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. சிறிய பிஸ்டனின் மேல் எடைக்கல், அதே எண்ணெய் அழுத்தத்தில் பெரிய பிஸ்டன். பரப்பு எத்தனை மடங்கோ விசையும் அத்தனை மடங்கு. பிடிபியில் 16.5 மெகா நியூட்டன் இயந்திரம் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது, நிச்சயமின்மை (அளவு முன்னே பின்னே விலகக்கூடிய எல்லை) 0.01 சதவீதம். வேகமானது, சுமையைச் சீராக ஏற்றும், பல மணி நேரம் பிடித்து வைக்கும். இதன் பலவீனம் உராய்வு. அதனால் நல்ல இயந்திரத்தில் பிஸ்டனுக்கு ரப்பர் சீல் போடமாட்டார்கள். எண்ணெய்ப் படலத்திலேயே மிதக்கவிடுவார்கள். பரப்பு விகிதத்தையும் மைக்ரோமீட்டரை மட்டும் நம்பி முடிவு செய்ய மாட்டார்கள். எடைக்கல்லில் சோதித்த லோடு செல்லை, அதாவது தன்மேல் விழும் விசையை மின்சமிக்ஞையாகக் காட்டும் உணரியை, வைத்துச் சரிபார்ப்பார்கள்.

கட்டுமானத் தளங்களில் நடப்பது இதன் போலி. சாதாரண ஹைட்ராலிக் ஜாக்கை வைத்து, பிரஷர் கேஜ் காட்டும் எண்ணைப் பிஸ்டன் பரப்பால் பெருக்கி, பைல் (கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் அடித்தளத் தூண்) இவ்வளவு தாங்கியது என்று எழுதிவிடுகிறார்கள். ஜாக் மேலேறும்போது சீலின் உராய்வையும் சேர்த்துத்தான் எண்ணெய் தள்ளுகிறது. ஆகவே கேஜ் காட்டுவது உண்மையில் பைலுக்குப் போவதைவிட அதிகம். சுமையை இறக்கும்போது உராய்வு திசை மாறி, கேஜ் குறைத்துக் காட்டும். தப்பு நடந்ததற்கு ஒரு அடையாளமும் இருக்காது. நான் கேட்ட கேள்வியில் முழுதாகத் தோற்கும் முறை இது ஒன்றுதான். ஜாக்குக்கு மேலே ஒரு லோடு செல்லை வைக்காத பைல் சோதனையை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை.

மூன்று லோடு செல்கள், ஒரு கூட்டல்

கடைசி முறை கேட்க மிக எளிது. 1 மெகா நியூட்டன் லோடு செல் மூன்றைத் தனித்தனியாக எடைக்கல் இயந்திரத்தில் அளவுத்திருத்தம் செய்துகொள், அதாவது தெரிந்த விசைக்கு அது என்ன எண் காட்டுகிறது என்று பதிந்துகொள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மேலே ஒரு தட்டை வை. மூன்றின் கூட்டுத்தொகை 3 மெகா நியூட்டன் வரை அளக்கும். அதைக் கொண்டு பெரிய செல்களைச் சோதித்து, அவற்றில் மூன்றை மறுபடி கூட்டு. பிரிட்டனின் தேசிய அளவியல் நிலையத்தில் உள்ள 30 மெகா நியூட்டன் இயந்திரம் இந்த வகைதான்.

படி ஏற ஏறப் பிழையும் ஏறும். மூன்று செல்லின் பிழைகளும் ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொள்ளும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். பிழைகள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவையாக இருந்தால்தான் அது சரி. மூன்றையும் ஒரே இயந்திரத்தில் அளவுத்திருத்தம் செய்திருந்தால், அந்த இயந்திரத்தின் பிழை மூன்றிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அது அடிபடாது, முழுசாக மேலே வரும்.

இருந்தாலும் எனக்கு இந்த முறைமேல் பிடிப்பு வந்த சம்பவம் ஒன்று உண்டு. ஒரு 3 மெகா நியூட்டன் அமுக்கச் சோதனை இயந்திரத்தைச் சரிபார்க்க மூன்று செல்களை வைத்தோம். இரண்டு செல் ஒன்றுபோலக் காட்ட, மூன்றாவது 4 சதவீதம் குறைவாகக் காட்டியது. செல் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். சுமையை இறக்கி, செல்களை ஒவ்வொரு இடம் தள்ளி மாற்றி வைத்து மறுபடி ஏற்றினோம். குறை செல்லோடு நகரவில்லை, அதே மூலையில் நின்றது. மேல் தட்டைத் தாங்கும் உருண்டை இருக்கையைக் கழற்றிப் பார்த்தால், பழைய கிரீஸ் காய்ந்து அரக்குபோல இறுகிக் கிடந்தது. தட்டு திரும்ப முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்தே அமுக்கிக்கொண்டிருந்தது. துடைத்து எண்ணெய் விட்டதும் மூன்றும் ஒன்றாக வந்தன. அங்கே ஒற்றைச் செல்லை நிறுத்தியிருந்தால் ஒரே ஒரு எண் கிடைத்திருக்கும், அதை எழுதிக்கொண்டு கிளம்பியிருப்போம்.

ஒற்றைச் செல்லை அளவுத்திருத்தம் செய்யும்போதும் இதே தந்திரத்துக்கு, விசை அளக்கும் கருவிகளின் அளவுத்திருத்தத்துக்கான சர்வதேசத் தரநெறியான ஐஎஸ்ஓ 376-இல் இடம் உண்டு: செல்லை 0, 120, 240 டிகிரி என்று திருப்பி வைத்து அளக்கச் சொல்கிறது. திருப்பத் திருப்ப எண் மாறினால், சுமை நேராக இறங்கவில்லை என்று அர்த்தம்.

ஆகவே என் தேர்வு இப்படி. 2 மெகா நியூட்டனுக்குள் என்றால், எடைக்கல் இயந்திரத்துக்கு அனுப்ப எவ்வளவு நாள் ஆனாலும் அனுப்பிவிடுங்கள். அதற்கு மேலே 16 வரை, ஒரே மாதிரிச் செல்களை வரிசையாகச் சோதிக்க ஹைட்ராலிக் பெருக்கம் வசதி. இருக்கும் இடத்திலேயே நகர்த்த முடியாத இயந்திரத்தைச் சரிபார்ப்பதானாலும், 20, 30 மெகா நியூட்டன் என்று போவதானாலும், மூன்று செல் கூட்டல்தான். சான்றிதழ் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தின் நிச்சயமின்மை எண்ணுக்கு முன்னால் இரண்டைத் தேடுங்கள்: எத்தனை மெகா நியூட்டன் வரை எடைக்கல்லில் ஏற்றினார்கள், ஒவ்வொரு செல்லின் அளவையும் தனித்தனியே கொடுத்திருக்கிறார்களா. கூட்டுத்தொகை மட்டும் இருந்தால், தனி அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்.